கீ இருக்கிறது, வேல்யூ வரவில்லை: ஜாவாவில் சத்தமில்லாமல் தோற்கும் தேடல்கள்

ஜாவாவின் ஹேஷ்மேப் என்பது ஒவ்வொரு கீயோடும் (தேடும் பெயர்) ஒரு வேல்யூவை (மதிப்பு) சேர்த்து வைக்கும் பட்டியல். அதில் இல்லாத கீயைக் கொடுத்து 'கெட்' அழைத்தால் அது புகார் சொல்லாது. 'நல்' (எதுவுமில்லை என்ற அடையாளம்) ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். புரோகிராம் அங்கே விழாது. நாலு மெத்தட் தாண்டி, அந்த வேல்யூவின் மேல் 'டிரிம்' அழைக்கும் இடத்தில்தான் நல்பாயின்டர் எக்செப்ஷன் (ஓட்டத்தை முறிக்கும் பிழை) வெடிக்கும். ஸ்டாக் டிரேஸ் (பிழை வந்த வழியைச் சொல்லும் பட்டியல்) காட்டும் வரியில் தப்பே இருக்காது. கூட்டல் குறி போட்டு வேறொரு ஸ்டிரிங்கோடு (எழுத்துத் தொடர்) ஒட்டியிருந்தால் எக்செப்ஷன்கூட வராது. வாடிக்கையாளருக்குப் போகும் கடிதத்தில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நல்' என்று அச்சாகிப் போகும். விழுவதைவிட இதுதான் மோசம்.

'நல்' வந்தாலே கீ இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது. ஹேஷ்மேப்பில் 'நல்'லையே வேல்யூவாக வைக்கலாம். எது நடந்தது என்பதை 'கன்டெய்ன்ஸ்கீ' கேட்டால்தான் தெரியும். கீ இல்லாவிட்டால் நாம் சொன்ன மாற்று வேல்யூவைத் தரும், 2014-இல் ஜாவா 8 கொண்டுவந்த 'கெட்ஆர்டீஃபால்ட்' இதைத் தீர்த்துவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். கீ இருந்து, அதன் வேல்யூ 'நல்' என்றால் அதுவும் 'நல்'லைத்தான் திருப்பித் தரும்.

டைப்பிலும் ஒரு கண்ணி உண்டு. கீயும் வேல்யூவும் ஸ்டிரிங் என்று மேப்பை அறிவித்திருந்தாலும், 'கெட்' எந்த ஆப்ஜெக்டையும் வாங்கிக்கொள்ளும். கீ "101" என்ற ஸ்டிரிங்காக இருக்க, இன்டிஜர் 101-ஐக் கொடுத்துத் தேடினால் கம்பைலர் வாய் திறக்காது. இரண்டும் 'ஈக்வல்ஸ்' ஆகாது, கிடைப்பது 'நல்'. டைப் பார்ப்பது, உள்ளே போடும் 'புட்' போன்றவைதான்.

கான்ஃபிகரேஷனுக்குப் பயன்படும் ப்ராப்பர்ட்டீஸ் கிளாஸ், ஹேஷ்மேப் போன்ற பழைய ஹேஷ்டேபிளை இன்ஹெரிட் செய்திருப்பது பழைய வினை. போர்ட் எண் 8080-ஐ 'புட்' வழியாக இன்டிஜராகப் போட்டால், 'கெட்' 8080 தரும், 'கெட்ப்ராப்பர்ட்டி' 'நல்' தரும். ஸ்டிரிங் அல்லாத வேல்யூவை அது கண்டுகொள்ளாது. டீஃபால்ட் ப்ராப்பர்ட்டீஸ் கொடுத்து உருவாக்கியிருந்தால் நிலைமை தலைகீழ்: 'கெட்ப்ராப்பர்ட்டி' டீஃபால்ட்டில் தேடும், 'கெட்' தேடாது. வேல்யூவைப் போடவும் எடுக்கவும் 'செட்ப்ராப்பர்ட்டி', 'கெட்ப்ராப்பர்ட்டி' தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

ப்ராப்பர்ட்டீஸ் படிக்கும் ஃபைலிலும் கவனம் வேண்டும். வேல்யூவுக்கு முன்னால் உள்ள ஸ்பேஸ் நீங்கிவிடும், பின்னால் உள்ளது அப்படியே வரும். பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் லாகின் தோற்றால் முதலில் அதைப் பாருங்கள். ஒரே கீ இரண்டு முறை இருந்தால் கடைசியில் இருப்பது ஜெயிக்கும், எச்சரிக்கை வராது. விண்டோஸ் பாதையில் 'டெம்ப்' ஃபோல்டருக்கு முந்தைய பேக்ஸ்லாஷ், அதன் முதல் எழுத்தோடு சேர்ந்து டேப் ஆகிவிடும். பேக்ஸ்லாஷை இரட்டிப்பாக எழுத வேண்டும்.

இத்தனைக்கும் ஒரே மருந்து, மேப்பை வெளியே விடாமல் ஒரு சிறிய கிளாஸுக்குள் அடைப்பது. கட்டாயம் இருக்க வேண்டிய கீக்கு ஒரு மெத்தட், இல்லாமலும் போகலாம் என்ற கீக்கு 'ஆப்ஷனல்' (வேல்யூ இருக்கலாம், காலியாகவும் இருக்கலாம் என்ற உறை) தரும் இன்னொரு மெத்தட். முதலாவது, வேல்யூ இல்லாவிட்டால் கீயின் பெயரையும் ஃபைலின் பெயரையும் சொல்லி எக்செப்ஷன் எறியட்டும்; கட்டாயக் கீகள் எல்லாவற்றையும் சர்வர் ஸ்டார்ட் ஆகும்போதே சோதித்துவிடுங்கள். மொழிவாரியாகச் செய்திகளை வைக்கும் ரிசோர்ஸ்பண்டிலின் 'கெட்ஸ்டிரிங்' இந்த விஷயத்தில் ஒழுங்கானது. கீ இல்லையென்றால் உடனே எக்செப்ஷன்தான்.

தமிழ் எழுத்து உள்ளே வந்தால் கதை வேறு. ப்ராப்பர்ட்டீஸின் 'லோட்' மெத்தடுக்கு இன்புட்ஸ்ட்ரீம் கொடுத்தால் அது ஐஎஸ்ஓ 8859-1 (தமிழ் இல்லாத பழைய எழுத்துக் குறியீடு) என்றே படிக்கும், தமிழ் சிதறிவிடும். யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்ட ரீடரைக் கொடுங்கள். (ரிசோர்ஸ்பண்டில் ஃபைல்களுக்கு ஜாவா 9 முதல் யுடிஎஃப்-8தான் வழக்கம்.)

கீயே தமிழில் இருந்தால் இன்னும் நுணுக்கம். 'கோவை' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே யுனிகோட் எழுத்தாகவோ, ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாகவோ. திரையில் வித்தியாசம் தெரியாது. 'லெங்த்' கேட்டால் ஒன்று 4, மற்றது 5. ஹேஷ்மேப்புக்கு இரண்டும் வெவ்வேறு கீ. உள்ளே போடும்போதும் தேடும்போதும் நார்மலைசர் கிளாஸில் என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்த) வடிவுக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும். ஆனால் 'ஔவையார்' என்பதில் ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டியிருந்தால் நார்மலைசரும் கைவிரித்துவிடும், அதன் கணக்கில் அவை வேறு எழுத்துகள். ஆகவே கீயாக ஒரு குறியீட்டு எண்ணை வைத்து, தமிழ்ப் பெயரை வேல்யூவாக மட்டும் வையுங்கள்.