காவடிக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்தப் பெரியவர் ஐ.என்.ஆர். பார்க்க வந்தார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று சொல்லும் எண் அது, குறைந்தால் ரத்தம் சீக்கிரம் உறைகிறது என்று அர்த்தம். இதயத்துடிப்பு ஒழுங்கில்லாததால் பல வருஷமாக, ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர். எப்போதும் 2க்கும் 3க்கும் நடுவில் நிற்கும் எண் அன்று 1.4. மாத்திரையை விட்டுவிட்டாரோ என்று மகளைப் பார்த்தேன். "இல்லை டாக்டர், நான்தான் கையில் எடுத்துக் கொடுக்கிறேன்" என்றார். பெரியவருக்கோ ஒரே சந்தோஷம். "ரத்தம் கெட்டியாகிவிட்டது, அப்படியென்றால் இந்த வருஷம் அலகு குத்திக்கொள்ளலாம், இல்லையா?"

காரணம் சாப்பாட்டில் இருந்தது. பத்து நாள் விரதம், மீனும் கறியும் கிடையாது, மதியமும் இரவும் ப்ரேட் முரூம். மொரீசியஸில் கீரைக்குப் பெயர் ப்ரேட். நம் முருங்கை கப்பலேறி வந்து இங்கே முரூம் ஆகிவிட்டது.

முருங்கைக்கீரையில் வைட்டமின் கே நிறைய. ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் செய்யும்போது அவற்றில் சிறு கொக்கிகளை மாட்டி அனுப்புகிறது. அதற்கு வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை செலவான வைட்டமினைத் திரும்பப் புதுப்பிக்கும் நொதியை வார்ஃபரின் முடக்குகிறது. கொக்கி இல்லாத புரதம் ரத்தத்தில் சும்மா சுற்றும், எதையும் பிடிக்காது. வேளைக்கு வேளை கீரை உள்ளே போனால் புது வைட்டமின் வந்து குவிகிறது, மாத்திரை தோற்றுப்போகிறது.

அந்தக் கொக்கி பிடிப்பது எதை? கால்சியத்தின் துணையோடு, பாஸ்பாடிடைல்செரின் என்கிற கொழுப்பை. சாதாரணமாகச் செல்கள் இதைத் தம் சவ்வின் உள்பக்கம் மறைத்தே வைத்திருக்கும். காயம் பட்டால், ரத்தத்தை உறைய வைக்கும் சிறு செல்களான தட்டணுக்கள் அதை வெளியே புரட்டிக் காட்டும், உறைவுப் புரதங்கள் வந்து அங்கே அமரும். வேடிக்கை என்னவென்றால், செத்துக்கொண்டிருக்கும் செல்லும் இதே கொழுப்பைத்தான் வெளியே காட்டுகிறது, துப்புரவுச் செல்கள் வந்து விழுங்கட்டும் என்று. வாசலில் பந்தல் தெரிகிறது, கல்யாணமா சாவா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது, அப்படி. ஆனால் பந்தல் போடும் ஆள் வேறு. ஜப்பானில் ஷிகேகாசு நாகாட்டாவின் குழு 2010இல் தட்டணுவில் புரட்டுகிற டிஎம்இஎம்16எஃப் புரதத்தையும், 2013இல் சாகும் செல்லில் புரட்டுகிற எக்ஸ்கேஆர்8 புரதத்தையும் அடையாளம் காட்டியது. முதலாவது பழுதாகிப் பிறந்தவர்களுக்கு ஸ்காட் நோய் என்ற அரிய ரத்தக்கசிவு வருகிறது.

வருஷா வருஷம் ஜனவரியில் என்னிடம் கேட்கிற கேள்வி: "முந்தின நாள் மாத்திரையை விட்டுவிட்டால் போதுமா?" போதாது. கல்லீரல் கொக்கியோடு புதுப் புரதம் செய்து நிரப்ப நாளாகும். ஏழாம் காரணி என்ற உறைவுப் புரதம் ஆறு மணி நேரத்தில் பாதியாகும், புரோத்ராம்பின் என்ற இன்னொன்றுக்கோ அறுபது மணி நேரம். அதனால் காவடியன்று ரத்தம் நிற்காத ஆபத்து அப்படியே இருக்கும், அதற்கப்புறம் சில நாள் ரத்தக்கட்டி உருவாகிற ஆபத்தும் சேரும். ஆஸ்பிரினை ஒரு நாள் விட்டாலும் போதாது: அது தொட்ட தட்டணுவுக்கு உட்கரு இல்லை, ஆஸ்பிரின் கெடுத்த நொதிக்குப் பதில் புதிது செய்துகொள்ளாது. அந்தத் தட்டணு சாகும்வரை, ஏழெட்டு நாளாவது, அப்படியேதான். ரத்தம் உறைவதைக் குறைக்கும் அபிக்சபான் போன்ற புது மாத்திரைகள் இதற்கு நேர்மாறு: ஒரு நாள் விட்டாலே பாதுகாப்பு போய்விடும். எதை, எத்தனை நாள் முன்னால் நிறுத்தலாம், நிறுத்தலாமா என்பதையே உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கன்னத்தில் வேல் நிற்கும்போது ரத்தம் வராததைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஊசி தன் துளையைத் தானே அடைத்து நிற்கிறது. கழற்றும்போதுதான் தெரியும். (எனக்கும் இரண்டு தழும்பு உண்டு, ஆகவே வெளியே நின்று உபதேசம் செய்கிறவன் இல்லை.)

சர்க்கரை உள்ளவர்கள் ஆணிச் செருப்பு போடுவதுதான் எனக்கு இன்னும் பயம். காலில் உணர்ச்சி மங்கியவருக்குக் குத்தியதே தெரியாது. அதே உடம்பில், கண்ணின் விழித்திரையில் விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதம் மிஞ்சி வேண்டாத ரத்தக்குழாய்களை முளைக்க வைக்கிறது. பாதத்துப் புண்ணிலோ அந்தப் புரதம் போதாமல் வேண்டிய குழாய் முளைப்பதில்லை. கண்ணுக்கு அதை அடக்க ஊசி போடுகிறோம். காலுக்கு, தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதை விடச் சிறந்த வழியை நான் பார்த்ததில்லை.

பெரியவரிடம் கீரையை விடச் சொல்லவில்லை. வருஷம் முழுக்க எந்த அளவோ விரதத்திலும் அதே அளவு என்றேன், மாத்திரையைச் சரிசெய்து நாலு நாள் கழித்து வரச்சொன்னேன். அலகுக்குப் பதில் பால்குடம் எடுக்கச் சம்மதித்தார், முகம் சுண்டித்தான். காவடி முடிந்து வந்தபோது ஐ.என்.ஆர். 2.3. மகள் கையில் ஒரு பை நிறைய முருங்கைக்கீரை. "வீட்டு மரத்தது டாக்டர். நீங்கள்தான் அந்த மாத்திரை சாப்பிடுவதில்லையே."