மோல்டு வெட்டிய பிறகு டிசைனரைக் கூப்பிடாதீர்கள்

கோவையில் பம்ப்செட் ஸ்டார்ட்டர் தயாரிக்கும் ஒரு சிறு தொழிற்சாலைக்கு ஒருமுறை என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பெட்டி தயாராக மேசைமேல் இருந்தது. "மோல்டு வெட்டியாச்சுங்க தம்பி. கலரும் ஸ்டிக்கரும் மட்டும் நீங்க பார்த்துக் குடுத்தாப் போதும்" என்றார் முதலாளி. மோல்டு என்றால் பெட்டியை வார்க்கும் அச்சு. இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குப் போனேன். அன்று மும்முனை மின்சாரம் வந்தபோது இரவு பதினொன்றரை. விவசாயி டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஈரக்கையோடு பொத்தானைத் தடவித் தேடினார். பச்சையும் சிவப்பும் ஒரே அளவு, ஒரே உயரம், நடுவில் ஒரு விரல் இடைவெளி. அந்த இருட்டில் எந்தக் கலர் அடித்தால் என்ன?

முதலாளி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். ஆனால் மோல்டை மாற்றும் செலவு அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. பெட்டி அப்படியே சந்தைக்குப் போனது.

இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நம் நாட்டில் அரசு டிசைன் கல்லூரிகளைப் பற்றிய அறிவிப்பு வரும்போதெல்லாம் அந்த மோல்டுதான் நினைவுக்கு வருகிறது. இடம், கட்டடம், சீட் எண்ணிக்கை எல்லாம் முதலில் முடிவாகிவிடும். யார் சொல்லித்தருவது, எதைச் சொல்லித்தருவது என்ற பேச்சு கடைசியில்தான் வரும்.

தொடக்கம் இப்படி இருக்கவில்லை. 1958-ல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க டிசைனர் தம்பதி இந்தியா முழுக்கச் சுற்றிப் பார்த்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் மிகவும் மெச்சிய பொருள் லோட்டா, நம் செம்பு. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், தலையில் வைத்தால் எப்படி, இடுப்பில் வைத்தால் எப்படி, நிறைந்திருக்கும்போதும் காலியாகும்போதும் எடை எங்கே நிற்கும், வாய் எவ்வளவு அகலம் என்று ஒரு பாத்திரத்தைப் பார்த்தே கேள்விகளை அடுக்கிக்கொண்டு போவார்கள். டிசைன் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இன்றும் அந்தப் பகுதியைத்தான் படிக்கச் சொல்வேன்.

அந்த அறிக்கையை ஒட்டி 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. வந்ததும் கூட்டமாக மாணவர்களைச் சேர்த்துவிடவில்லை. பொறியியல், கட்டடக்கலை, ஓவியம் படித்த சிலரை எடுத்து, முதலில் அவர்களை ஆசிரியர்களாக உருவாக்கினார்கள். பள்ளி முடித்தவர்களுக்கான முழுப் படிப்பு தொடங்கியது 1970-ல்தான். நல்ல ஆசிரியர் ஒருவர் எவ்வளவு தூரம் பரவுவார் என்பதற்கு சுதாகர் நட்கர்ணியைச் சொல்லலாம். ஜெர்மனியின் உல்ம் டிசைன் பள்ளியில் படித்துத் திரும்பிய அவர், பம்பாய் ஐ.ஐ.டி.யில் 1969-ல் தொடங்கிய டிசைன் மையத்தை வளர்த்தார். பிறகு குவாஹாட்டி ஐ.ஐ.டி.யின் டிசைன் துறையையும் அவர்தான் நிலைநிறுத்தினார்.

2007-ல் தேசிய வடிவமைப்புக் கொள்கை வந்தது. அதன் தொடர்ச்சியாகப் பிறந்த நான்கு புதிய தேசிய வடிவமைப்பு நிறுவனங்களில் ஆந்திரா 2015-ல் தொடங்கியது, அடுத்து ஹரியானா. போபாலும் ஜோர்ஹாட்டும் தொடங்க 2019 ஆகிவிட்டது. கொள்கை வந்ததற்கும் கடைசி நிறுவனம் தொடங்கியதற்கும் நடுவே 12 ஆண்டு. அந்தக் காலத்தில் ஒரு தலைமுறை ஆசிரியர்களையே உருவாக்கியிருக்கலாம் என்பது என் தீராத வருத்தம்.

ஆசிரியர் எண்ணிக்கையை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன்? டிசைன் வகுப்பைப் பலகைமுன் நின்று நடத்த முடியாது. ஒவ்வொரு மாணவரின் மேசையிலும் போய் உட்கார வேண்டும், செய்த மாடலைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கல்லூரியில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனேன். ஒரே ஹாலில் 60 பேர், ஆசிரியர் நான் ஒருவன். ஆளுக்கு ஆறு நிமிடம் என்றாலே ஆறு மணி நேரம். டிபன் கேரியருக்குக் கைப்பிடி செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் மேசைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் நாள் மாலை. அந்தக் கைப்பிடி விரலை அறுக்கும். முதல் நாள் காலையிலேயே தெரிந்திருந்தால் இன்னும் மூன்று மாடல் செய்து பார்த்திருப்பாள்.

சரி, ஆசிரியர்களுக்கு எங்கே போவது? எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி 1850-லிருந்து இருக்கிறது. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிக்கு 1957-லிருந்தும், சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு 1960-லிருந்தும் அனுபவம் உண்டு. பொருளோடு பழகிய கைகள் அங்கே இருக்கின்றன. அவர்களில் சிலரைத் தேர்ந்து இரண்டு மூன்று ஆண்டு டிசைன் பயிற்சி கொடுக்கலாம். தொழிற்சாலை அனுபவம் உள்ள டிசைனர்களை அவர்களோடு சேர்க்கலாம். பட்டறை முழுதாக இயங்கிய பிறகு சீட்டைக் கூட்டினால் போதும்.

இன்னொரு தடை வாசலிலேயே நிற்கிறது. ஐ.ஐ.டி.களின் இளநிலை டிசைன் படிப்புக்கான யூசீட் தேர்வை எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தவரும் எழுதலாம். ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்தில் மட்டும். பவானியில் ஜமக்காளம் நெய்யும் குடும்பத்து மாணவி ஒருத்தியைச் சந்தித்தேன். எந்த நூலுக்குப் பக்கத்தில் எந்த நூல் போட்டால் பட்டை எடுத்துக்காட்டும் என்று பார்த்ததும் சொல்வாள். இப்படி ஒரு தேர்வு இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அப்புறம் ஆங்கிலம் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. அவளைப் போன்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு சீட்டை மட்டும் கூட்டினால், இன்று உள்ளே வருகிற அதே வீட்டுப் பிள்ளைகள்தான் இன்னும் அதிகமாக வருவார்கள்.

புதிய டிசைன் கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர், கட்டடத்தைச் சுற்றிக் காட்டும்போது சிலவற்றைக் கேளுங்கள். முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர்? அவர்களில் யாராவது சந்தைக்குப் போன பொருள் ஒன்றையாவது செய்திருக்கிறாரா? மரம், உலோகம், நெசவுப் பட்டறைகள் இரவு எத்தனை மணிவரை திறந்திருக்கும்? போன ஆண்டு மாணவர்கள் செய்த மாடல்களைக் கையில் எடுத்துப் பார்க்கலாமா?