சொல் விளக்கம்: ரெட்லைனிங் (செங்கோட்டு விலக்கம்)

அமெரிக்க இன ஏற்றத்தாழ்வைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் முட்டி நிற்கும் சொற்களில் ஒன்று ரெட்லைனிங். ‘சிவப்புக் கோடு போடுதல்’ என்று பெயர்த்துவிட்டுப் பெரும்பாலும் கடந்துபோகிறோம். யார் கோடு போட்டார்கள், எதன்மேல் போட்டார்கள், அதனால் யாருடைய வாழ்க்கை எப்படி மாறியது என்பது எதுவும் அந்தத் தொடரிலிருந்து படிப்பவருக்குத் தெரிவதில்லை. போதாக்குறைக்கு, ‘சிவப்புக் கோடு’ என்பதை நம் செய்தித்தாள்கள் இன்னொரு பொருளிலும் எழுதுகின்றன: பேச்சுவார்த்தையில் ஒரு நாடு விட்டுக்கொடுக்காத எல்லையையும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஒருவருடைய வருமானம், வேலை, கடனைத் திருப்பிச் செலுத்தும் நாணயம் ஆகியவற்றை எடைபோடாமல், அவர் குடியிருக்கும் அல்லது வீடு வாங்க விரும்பும் வட்டாரத்தையும் அங்கே வாழ்கிறவர்களின் இனத்தையும் பார்த்து வீட்டுக்கடனையோ காப்பீட்டையோ மறுப்பதுதான் ரெட்லைனிங். மறுப்பது ஒரு நிறுவனம். மறுக்கப்படுவது ஒரு வட்டாரம் முழுவதும். இந்த இரண்டையும் விட்டுவிட்டால் சொல்லின் பொருள் பாதியாகிவிடும். அக்கம்பக்கத்தாரின் வெறுப்பும் இனப்பாகுபாடுதான் என்றாலும் அதற்கு இந்தப் பெயர் இல்லை.

சொல் பிறந்த இடமாகச் சொல்லப்படுவது சிகாகோ. 1960-களின் இறுதியில் அந்நகரின் குடியிருப்போர் போராட்டங்களில் இது வழக்குக்கு வந்தது. முதலில் பயன்படுத்தியவர் என்று சமூகவியலாளர் ஜான் மெக்நைட்டைப் பொதுவாகக் குறிப்பிடுவார்கள். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நகர வரைபடத்தில் சில வட்டாரங்களைச் சுற்றிச் சிவப்புக் கோடு இழுத்து, ‘இதற்குள் கடன் கிடையாது’ என்று வைத்திருக்கின்றன என்பதே போராடியவர்களின் குற்றச்சாட்டு.

ஆனால் இன்று பலர் இந்தச் சொல்லைக் கேட்டதும் நினைப்பது அதற்கு முப்பது ஆண்டுகள் முந்தைய அரசு வரைபடங்களைத்தான். பெருமந்தம் எனப்படும் 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வீடுகளை இழந்துகொண்டிருந்தவர்களைக் காக்க 1933-இல் தொடங்கப்பட்ட வீட்டுரிமையாளர் கடன் கழகம், 1930-களின் பிற்பகுதியில் 200-க்கும் மேற்பட்ட நகரங்களை வட்டாரம் வட்டாரமாகத் தரம்பிரித்து வண்ணம் தீட்டியது. பச்சை சிறந்தது, நீலம் இப்போதைக்கு விரும்பத்தக்கதாகவே இருப்பது, மஞ்சள் நிச்சயமாகச் சரிந்துவருவது, சிவப்பு அபாயகரமானது. கறுப்பின மக்கள் வாழ்ந்த வட்டாரங்கள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பு.

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு படிவம் உண்டு. குடியிருப்போர் என்ற தலைப்பின்கீழ் அவர்களின் தொழில், வருமானம், அயல்நாட்டில் பிறந்தோரின் விழுக்காடு ஆகியவற்றைக் கேட்டுவிட்டு, ‘நீக்ரோ: உண்டா, எத்தனை விழுக்காடு’ என்று தனியாக ஒரு வரி கேட்கும். அதை அடுத்த வரி ‘யாருடைய ஊடுருவல்’ என்பது. எல்லை தாண்டி வரும் பகைவருக்குச் சொல்லும் சொல்லை, சாமான்களோடு புதுத் தெருவுக்குக் குடிவரும் ஒரு குடும்பத்துக்கு அரசுப் படிவம் சொன்னது. எனக்கு வரைபடத்தின் சிவப்பைவிட இந்த ஒற்றைச் சொல்தான் அதிகம் உறுத்துகிறது.

இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. இந்த வரைபடங்களை வரலாற்றாசிரியர் கென்னத் ஜாக்சன் 1980-இல் எழுதிய ஆய்வின் மூலம்தான் பரவலாக அறிந்தார்கள். அதற்குள் சொல் பிறந்து பத்தாண்டு கடந்திருந்தது. ஆகவே வரைபடத்தைப் பார்த்துச் சொல் உண்டாயிற்று என்று எழுதுவது சரியல்ல. மேலும், அந்தக் கழகம் கறுப்பினத்தவர் சிலருக்கும் கடன் கொடுத்திருக்கிறது. மிகப் பெரிய தீங்கைச் செய்தது 1934-இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் என்பதே பின்வந்த ஆய்வாளர்கள் பலரின் முடிவு. அது தானே கடன் கொடுக்கவில்லை. வங்கி கொடுக்கும் கடன் திரும்பாவிட்டால் இழப்பை ஏற்பதாகக் காப்புறுதி அளித்தது. காப்புறுதி கிடைத்தால் முன்பணம் குறையும், வட்டி குறையும், தவணைக் காலம் நீளும். சாதாரணத் தொழிலாளியும் வீட்டுக்காரர் ஆகலாம். கறுப்பின வட்டாரங்களுக்கும் அவற்றை ஒட்டிய இடங்களுக்கும் அந்தக் காப்புறுதியை நிர்வாகம் தன் மதிப்பீட்டுக் கையேட்டின் வழியே மறுத்தது.

அதன் விளைவைக் கண்ணால் பார்க்க டெட்ராய்ட் நகரின் எட்டு மைல் சாலைப் பக்கம் போகலாம். அங்கே 1941-இல் வீடு கட்டி விற்கும் ஒரு தொழிலர் வெள்ளையருக்கான குடியிருப்பைக் கட்ட முனைந்தபோது, பக்கத்தில் கறுப்பினத்தவர் வாழ்வதைக் காட்டிக் காப்புறுதி மறுக்கப்பட்டது. இரு பகுதிகளுக்கும் நடுவே ஆறடி உயரத்தில், ஓரடி தடிமனில், ஏறக்குறைய அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பிய பிறகே ஒப்புதல் கிடைத்தது. அந்தச் சுவர் இன்றும் வீடுகளின் கொல்லைப்புறமாக ஓடுகிறது. ஒரு பகுதியில் வண்ண ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள்.

வங்கிக்கடன் கிடைக்காதவர்கள் ஒப்பந்தத் தவணையில் வீடு வாங்கினார்கள். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவர் பெயரில்தான் இருக்கும். ஒரு தவணை தவறினாலும் வீடும் அதுவரை கட்டிய பணமும் போகலாம். சிகாகோவின் லாண்டேல் பகுதியில் இப்படி ஏமாந்தவர்கள் 1968-இல் சங்கம் அமைத்துப் போராடினார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், அதே ஆண்டு ஏப்ரல் 11 அன்று, வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் கையெழுத்தாயிற்று. எந்த இடத்தில் எவ்வளவு வீட்டுக்கடன் கொடுத்தோம் என்பதை வங்கிகள் வெளியிட வேண்டும் என்ற சட்டம் 1975-இலும், தாம் வைப்புத்தொகை வாங்கும் வட்டாரங்களின் கடன் தேவையையும் வங்கிகள் கவனிக்க வேண்டும் என்ற சட்டம் 1977-இலும் வந்தன.

சட்டம் வந்த பிறகும் சொல் வழக்கொழியாததற்குக் காரணம், அமெரிக்காவில் வாய்ப்பு என்பது பெரிதும் வீட்டின் வழியாகவே வருவதுதான். பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருகிறது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் சிறுதொழிலுக்கும் வீட்டின்மேல்தான் கடன் வாங்குகிறார்கள். பெற்றோர் விட்டுச்செல்லும் முதன்மைச் சொத்தும் அதுவே. 2022-இல் அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் எடுத்த கணக்கெடுப்பில் வெள்ளையினக் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து மதிப்பு, கடன் போக, ஏறத்தாழ 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பங்களுக்கு 44,900 டாலர். இந்த வேறுபாடு முழுவதும் ஒரே காரணத்தால் வந்ததல்ல. ஆனால் வீடு வாங்க முடியாமல் போன தலைமுறையின் கணக்கும் இதற்குள் இருக்கிறது.

இனி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘செங்கோட்டு ஒதுக்கீடு’ என்பது கூடவே கூடாது. ஒதுக்கீடு என்றால் நமக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்கு இடம் தருவது. இங்கே நடந்தது அதற்கு நேர் எதிரானது. ‘விலக்கு’ என்றால் வரிவிலக்கைப் போல ஒரு சலுகை என்று படும். ‘கடன் விலக்கம்’ கடன் தள்ளுபடியை நினைவூட்டும். ‘செங்கோடு’ என்று தனியாக எழுதினால் திருச்செங்கோடு நினைவுக்கு வரும். அங்கே கோடு என்பது மலைமுகடு. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் ‘செங்கோட்டு விலக்கம்’ என்பதே பொருத்தமாகப் படுகிறது. ஊர்விலக்கம் என்ற பழகிய சொல்லின் கடுமை அதில் இருக்கிறது. கோடு என்ற சொல்லுக்கு நம் மொழியில் இன்னொரு வேரும் உண்டு: கோடுதல் என்றால் வளைதல், நடுநிலை தவறுதல். ஒருபால் கோடாமை என்று திருக்குறள் சொல்வது அந்தப் பொருளில்தான். வரைந்த கோடும் கோடிய நடுநிலையும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுவது தமிழுக்கு வாய்த்த பேறு.

கட்டுரையில் முதன்முறை எழுதும்போது ‘வட்டாரமும் இனமும் பார்த்துக் கடன் மறுக்கும் செங்கோட்டு விலக்கம்’ என்று விரித்து எழுதி, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். 2008 நிதி நெருக்கடிக்கு முன் இதே வட்டாரங்களில் கொடுவட்டிக் கடன்களைத் தேடிச்சென்று திணித்ததை அமெரிக்கர்கள் தலைகீழ் ரெட்லைனிங் என்பார்கள். அங்கே விலக்கம் பொருந்தாது, ‘செங்கோட்டுச் சுரண்டல்’ என்பதே பொருந்தும். வினையாக்கும்போது ‘லாண்டேல் செங்கோட்டு விலக்கத்துக்கு உள்ளானது’ என்று எழுதுவதைவிட, ‘வங்கிகள் லாண்டேலைச் செங்கோடிட்டு விலக்கின’ என்று எழுதுவது நல்லது; விலக்கியவர் யார் என்பது அந்த வாக்கியத்தில் தெரிகிறது.