கோரெரொ: ஆங்கிலத்துக்குள் வந்த மாவோரிப் பேச்சு

நியூசிலாந்தில் ஒரு விஷயத்தை உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டுமென்றால், ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பவர்கள்கூட "ஒரு கோரெரொ வைத்துக்கொள்வோம்" என்பார்கள். பேச்சு, கலந்துரையாடல், கதை எல்லாவற்றையும் குறிக்கும் சொல் அது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியிலிருந்து வந்தது.

குடியேறிய ஆங்கிலேயர்கள் கிவி, மோவா போன்ற பறவைப் பெயர்களை மாவோரிகளிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அவற்றுக்கு ஆங்கிலத்தில் பெயரே கிடையாது. சரி, பேச்சுக்குமா சொல் இல்லை? நிறையவே இருக்கிறது. அப்படியிருந்தும் கோரெரொ உள்ளே வந்தது. 19ஆம் நூற்றாண்டு எழுத்துகளிலேயே தலைகாட்டினாலும், அது பரவலாகப் புழங்கத் தொடங்கியது மாவோரி மொழியை மீட்கும் போராட்டத்துக்கு அப்புறம்தான். பள்ளியில் மாவோரி கற்பிக்கக் கோரி 1972இல் 30,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றம் போனது. 1982இல் குழந்தைகளுக்கான மாவோரி மழலைப் பள்ளிகள் தொடங்கின. 1987இல் மாவோரி ஆட்சிமொழியானது. ஒரு மொழிக்கு மதிப்பு கூடும்போது, மனிதர்கள் பேசிப் பழகுவதைக் குறிக்கும் அதன் சொற்களும் பக்கத்து மொழிக்குள் போகின்றன. எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதும் அதனால்தான்.

உச்சரிப்புக்கு வருவோம். முதல் 'கோ' நெடில், அடுத்த இரண்டும் குறில். நடுவே வருவது நாக்கு நுனி மேலண்ணத்தைத் தட்டும் ர், நம் 'மரம்' என்பதில் வருவதுபோல. குறில் நெடில் மாறினால் பொருளே மாறும்: 'கெக்கெ' என்றால் கேக், 'கேக்கே' என்றால் அக்குள். ரோமன் எழுத்தில் நெடிலைக் காட்ட உயிரெழுத்தின் தலையில் ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டை ஆங்கிலம் நெடுநாள் விட்டுவிட்டது. இன்று நியூசிலாந்து நாளிதழ்கள் பலவும் போடுகின்றன.

கடல் தாண்டியும் இதற்கு உறவு உண்டு. பசிபிக் தீவான தஹீத்தியின் மொழியில் 'ஓரெரொ', ஹவாய் மொழியில் 'ஓலெலொ'. தொடக்கத்துக் க், தொண்டையைச் சட்டென்று அடைத்துத் திறக்கும் ஒலியாகிவிட்டது. ஹவாயில் ர் எல்லாம் ல் ஆயிற்று. இந்த மாற்றம் ஒரு சொல்லோடு நிற்பதில்லை, வரிசையாக நடக்கிறது. மொழிகளின் உறவைக் கண்டுபிடிப்பதே இதை வைத்துத்தான்.

கோரெரொ ஆங்கிலத்துக்குப் போகும்போது அதன் இலக்கணம் உடன் போகவில்லை. நாம் 'பேசிப் பேசி' என்று அடுக்குவதுபோல மாவோரியில் 'கோரெரொரெரொ' உண்டு: மாறி மாறிப் பேசுவது. பன்மையைக் காட்டச் சொல்லின் வாலைத் தொட மாட்டார்கள், முன்னால் வரும் சிறுசொல்லை மாற்றுவார்கள். ஒரு பேச்சு 'தெ கோரெரொ', பல பேச்சு 'ஙா கோரெரொ'. நாம் அரிச்சுவடியோடு விட்டுவிடுகிற ஙா, அங்கே நாள் முழுக்க வாயில் புழங்குகிறது.