விலக்குக் குறி: ‘எஸ்கேப் கேரக்டர்’ என்னும் சொல்

மூல நிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கும் படிகளைக் கருவிக்குச் சொல்லும் கோப்பு பில்ட் ஸ்கிரிப்ட். அதன் மாறிகளில், அதாவது மதிப்புகளைத் தாங்கும் பெயர்களில், டாலர் ($), விழுக்காடு (%), பின்சாய்கோடு (\) போன்ற குறிகள் எழுத்தாக மட்டும் நில்லாமல் கட்டளையாகவும் வேலை செய்கின்றன. அவற்றுள் ஒன்றை உள்ளபடியே எடுத்துக்கொள்ளுமாறு கருவிக்கு உணர்த்த முன்னால் இடும் குறியே எஸ்கேப் கேரக்டர்.

‘எஸ்கேப்’ என்பது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். துரத்துபவன் கையில் அங்கியை விட்டுவிட்டு ஓடுதல் என்பதே அதன் இலத்தீன் வேருக்குச் சொல்லப்படும் விளக்கம். ஒரு குறியீட்டுத் தொகுதியிலிருந்து விலகி மற்றொன்றுக்குச் செல்லத் தனிக் குறி வேண்டும் என்று 1960 இல் முன்மொழிந்தவர் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய பாப் பீமர். கணினி எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஆஸ்கி தரக் குறியீட்டில் பின்சாய்கோடு இடம்பெறக் காரணமானவரும் அவரே.

பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976 இல் உருவாக்கிய ‘மேக்’ என்னும் பில்ட் கருவியில் இதன் வேலையைக் காணலாம். கடவுச்சொல் ஒன்று ‘மழை$500’ என்று இருந்தால், ‘$5’ என்பதை மாறியின் பெயராக மேக் எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு மாறி இல்லாததால் ‘மழை00’ மட்டுமே மிஞ்சும், பிழைச் செய்தி எதுவும் வராது. ஆகவே ‘மழை$$500’ என்று டாலரை இரட்டிக்க வேண்டும். அதுவும் போதாது. மேக் ஒரு டாலரைக் கழித்துவிட்டு, கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரலான ஷெல்லிடம் ஒப்படைக்கும்போது, ஷெல்லும் தன் பங்குக்கு ‘$5’ என்பதை மாறியாகவே படித்து அதே ‘மழை00’ இல் கொண்டுபோய் நிறுத்தும். எனவே கட்டளை வரியில் அதனை ஒற்றை மேற்கோளுக்குள்ளும் வைத்தாக வேண்டும். எத்தனை கருவிகள் படிக்கின்றனவோ அத்தனை முறை விலக்கு வேண்டும் என்பதை மறப்பதால்தான் இத்தகைய பிழைகள் பெரும்பாலும் நேர்கின்றன. மைக்ரோசாஃப்டின் பில்ட் கருவியான எம்எஸ்பில்டில் முறையே வேறு: அங்கே டாலரை ‘%24’ என்றும், விழுக்காட்டுக் குறியை ‘%25’ என்றும் பதினாறடிமான எண்ணால் எழுதுவர்.

தமிழில் ‘விடுபடு’ என்பது விசைப்பலகையின் எஸ்கேப் விசைக்குப் பொருந்தும். ‘தப்பிக்கும் எழுத்து’ என்பதோ சொல்லுக்குச் சொல் பெயர்த்தது, எழுத்து எங்கும் தப்பிப்பதில்லை. ‘விலக்குக் குறி’ என்பதே தக்கது என்பது என் கருத்து. பின்சாய்கோட்டை அடுத்து ஆங்கில ‘என்’ எழுத்து வந்தால் புதிய வரி பிறக்கிறது. அங்கே சாதாரண எழுத்துக்குச் சிறப்புப் பொருள் கூடுகிறது, டாலரை இரட்டிக்கும்போதோ சிறப்புப் பொருள் நீங்குகிறது. இரண்டிடத்திலும் அடுத்து வருவதற்கு அதன் வழக்கமான பொருளிலிருந்து விலக்கு அளிக்கப்படுவதால் இச்சொல் இரண்டையும் தாங்கும். வினையாக ‘டாலருக்கு விலக்கிடு’ என்று எழுதலாம். மேற்கோளுக்குள் வைப்பதை இதனோடு கலக்காமல் ‘மேற்கோளிடு’ என்றே குறிப்பது நல்லது.