வீஜீஏ கார்டுக்கு முன்னால் கரண்டைப் பாருங்கள்

டிசம்பர் லீவு விட்டால் போதும், எங்கள் கம்ப்யூட்டர் கடை மேசையில் பழைய கேசிங்குகள் வரிசை கட்டிவிடும். ஹட்டன், டிக்கோயா, கொட்டகலை, பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளைகள். கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "அண்ணே, நல்ல வீஜீஏ ஒன்னு போட்டுத் தாங்க, கேம் லாக் அடிக்குது." வீஜீஏ என்று அவர்கள் சொல்வது கிராஃபிக்ஸ் கார்டை. திறந்து பார்த்தால் நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசசர், 8 ஜிபி ரேம், பத்து வருஷம் ஓடிய ஹார்ட் டிஸ்க். காசு அம்மா சீட்டில் எடுத்ததாக இருக்கும், இல்லாவிட்டால் கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன் அனுப்பியது. அந்தக் காசு முழுவதையும் கார்டில் கொட்ட வேண்டாம் என்று சொன்னால் முகம் சுருங்கும். ஏன் சொல்கிறேன் என்பதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதிவிடுகிறேன்.

முதலில் மெஷின் எங்கே திணறுகிறது என்று தெரிய வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் இலவசம்தான். அதைப் போட்டு, கேம் ஓடும்போதே திரை மூலையில் கணக்கு தெரியும்படி வையுங்கள். கார்ட் 95 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறதா? சரி, கார்ட்தான் போதவில்லை. கார்ட் 50, 60இல் சும்மா இருக்க, ப்ராசசர் முட்டிக்கொண்டு நிற்கிறதா? எவ்வளவு விலையுள்ள கார்டைப் போட்டாலும் பிரேம், அதாவது ஒரு நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை, ஏறாது. வலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, எமுலேட்டரில் ஓடும் ஃப்ரீ ஃபயர் இதெல்லாம் ப்ராசசரைத்தான் அதிகம் கேட்கும். எமுலேட்டர் ஆடுபவர்கள் பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போதே நுழையும் செட்டிங் திரை) வர்ச்சுவலைசேஷன் என்ற செட்டிங் ஆன் ஆகி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. முதல் பத்து நிமிஷம் நன்றாக ஓடி அப்புறம் விழுகிறது என்றால் சூடு. ப்ராசசர் மேல் பூசிய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகி இருக்கும், ஹீட் சிங்க் இடுக்கில் தூசி கம்பளி மாதிரி அடைந்திருக்கும். சுத்தம் பண்ணிப் புதுப் பேஸ்ட் வைத்ததோடு வேலை முடிந்து வீட்டுக்குப் போன மெஷின்கள் நிறைய.

கேசிங்கோடு சேர்ந்து வந்த பவர் சப்ளைதான் என் பெரிய கவலை. பக்கவாட்டு லேபிளில் பெரிய எழுத்தில் 500 வாட்ஸ் என்று போட்டிருக்கும். அதை விடுங்கள். கீழே சின்ன எழுத்தில் +12வி என்ற கட்டத்துக்கு நேரே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 18 என்று இருந்தால் 12 தர 18, வெறும் 216 வாட்ஸ். ப்ராசசரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டில்தான். நான்காம் தலைமுறை ஐ5க்கு 84 வாட்ஸ், ஆர்எக்ஸ் 580 கார்டுக்கு 185 வாட்ஸ் என்று கூட்டினாலே அது தாண்டிவிடும். கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும், பையன் கார்ட் பழுது என்று தூக்கிக்கொண்டு வருவான். மட்டமான பவர் சப்ளை சாகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போவதுண்டு.

எங்கள் பக்கத்தில் இது இன்னும் மோசம். பின்னேரம் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கரும் ஹீட்டரும் போட்டால் பல்ப் மங்குவது கண்ணுக்கே தெரியும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் தாண்டினால் இடி. சுவிட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கைக் கழற்ற வேண்டும். ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரையும் சேர்த்துத்தான். டெலிபோன் வயர் வழியாக வந்த மின்னல் லேன் போர்ட்டைக் கருக்கிய போர்டுகள் என்னிடம் வந்திருக்கின்றன. கேசிங்கைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். பழைய லயங்களில் மூன்று ஓட்டை ப்ளக் பொயின்ட் இருக்கும், பின்னால் எர்த் வயரே போயிருக்காது. எர்த் இல்லாத இடத்தில் சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்கியும் பெரிதாகப் பயனில்லை. அதற்கு எலக்ட்ரீசியன்தான் வேண்டும், நான் இல்லை. யூபிஎஸ் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: 650 விஏ என்றால் 650 வாட்ஸ் இல்லை, பெரும்பாலும் 400க்கும் கீழேதான். கரண்ட் போனால் சேவ் பண்ணி அணைக்கத்தான் அது நேரம் தரும், மேட்சை முடிக்க இல்லை.

கார்டுக்கு வருவோம். ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட பிராண்ட் மெஷின் என்றால் உள்ளே இருப்பது சின்னப் பவர் சப்ளை, கார்டுக்குக் கொடுக்கத் தனி 6 பின் வயர் இருக்காது. மதர்போர்ட் ஸ்லாட் தருவது 75 வாட்ஸ் மட்டுமே. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1650 போன்றவை அதற்குள் அடங்கும். ஆனால் 1650 சிலதில் 6 பின் கேட்கும், பார்த்து வாங்குங்கள். ஒல்லிக் கேசிங் என்றால் குட்டைக் கார்டுதான் நுழையும். ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி புதிதாகக் கிடைக்கிறதே என்று பாய வேண்டாம். அவை ஸ்லாட்டில் நான்கே தரவுப் பாதைகளைப் பாவிப்பவை, பழைய போர்டில் போட்டால் வேகம் குறையும்.

2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் (கார்டை ஓட்டி டிஜிட்டல் நாணயம் சம்பாதிப்பது) நின்றபின் பாவித்த கார்டுகள் சந்தையில் குவிந்தன. மைனிங் கார்ட் என்பதற்காகவே ஒதுக்கமாட்டேன். ஃபேன் ஆடுகிறதா பார்த்து, அரை மணி நேரம் லோட் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்வேன். எனக்குப் பயம் போலிகள்தான். பழைய சிப்பில் கார்டின் உள் மென்பொருளான பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்பார்கள். ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டால் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். கண்ணாலும் பிடிக்கலாம்: 1050 டிஐ சிப்புக்கு அனலாக் வெளியீடு கிடையாது, பின்னால் பழைய நீல மொனிட்டர் போர்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். அதே காரணத்தால், வீட்டில் நீல வயர் மொனிட்டர் மட்டும் வைத்திருப்பவர்கள் கன்வர்ட்டருக்கும் காசு ஒதுக்க வேண்டும். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா கம்ப்யூட்டர் கடைகளில் அண்ணனை விட்டு வாங்குவிக்கிறவர்கள் இதையெல்லாம் அவருக்கு முதலே சொல்லிவிடுங்கள்.

எஸ்எஸ்டி போட்டால் பிரேம் ஏறாது, ஆனால் மேப் லோட் ஆகும் நேரத்துத் தடுமாற்றம் போகும். ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் அதே அளவில் இன்னொன்று சேர்த்து, இரண்டும் ஒன்றாக வேலை செய்யும் டூவல் சேனலாக்குங்கள். மழை மாசங்களில் மெஷின் பீப் அடித்துக்கொண்டு ஆன் ஆகாவிட்டால், கரண்டைக் கழற்றிவிட்டு ரேமின் தங்கப் பல்லை அழிரப்பரால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். ஈரத்தில் படியும் கறைதான் பல தடவை காரணம். சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. 11 அதிகாரபூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 11இல் வலோரன்ட் அந்த டிபிஎம்மையும், பயாஸில் இருக்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பையும் கேட்கும். ஆகவே நான்காம் தலைமுறை போர்டுக்கு விலை கொடுத்து ஐ7 தேடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. அதில் ஓடும் பழைய வகை டிடிஆர் 3 ரேமும் அடுத்த மெஷினுக்கு வராது. நல்ல பவர் சப்ளை, எஸ்எஸ்டி, கார்ட் மூன்றும் வரும். காசு அந்த வரிசையில் போகட்டும், கார்ட் அடுத்த சீட்டு வரை காத்திருக்கலாம். கலர் லைட் எரியும் ஆர்ஜிபி ஃபேனுக்கு என்னிடம் விலை கேட்காதீர்கள்.

கடைக்கு வருமுன், ப்ளக்கைக் கழற்றி, கேசிங் பக்கத் தகட்டைத் திறந்து பவர் சப்ளை லேபிளையும் மதர்போர்டையும் மொனிட்டரின் பின்பக்கத்தையும் போனில் படமெடுத்து அனுப்புங்கள். பாதிப் பேருக்கு மெஷினை உரப் பையில் சுற்றி பஸ்ஸில் தூக்கிவர வேண்டிய வேலையே இருக்காது.