பால் பாக்கெட் பக்கத்தில் இன்சுலின்

எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்குப் பத்து வருடமாக இன்சுலின். போன சித்திரையில் ஒருநாள் சில்லறை எண்ணிக்கொண்டே கேட்டார்: "தம்பி, டாக்டர் ரெண்டு தடவ அளவக் கூட்டிட்டார். சோத்தையும் கொறச்சிட்டேன். சுகர் மட்டும் எறங்க மாட்டேங்குதே?"

எனக்கு வைத்தியம் தெரியாது. புரதமும், செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வும் எப்படி மடிகின்றன, மடிந்த பிறகும் எப்படி அசைகின்றன என்று பார்ப்பது என் பிழைப்பு. ஆனால் இன்சுலினும் புரதம்தானே. அதனால் "மருந்த எங்க வைக்கிறீங்க அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டேன்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டில், பால் பாக்கெட்டுகளுக்கு நடுவே குப்பி. பாக்கெட்டைத் தொட்டால் ஓரமெல்லாம் ஐஸ். "நல்லாக் குளிர்ல இருக்கட்டும்னுதான் அங்க வெச்சேன்" என்றார். குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. பலரும் ஏமாறுவது இந்தத் தெளிவைப் பார்த்துத்தான்.

இன்சுலினை உப்பு, சர்க்கரை போலக் கரைந்து கிடக்கும் சாதாரண ரசாயனம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் 51 கொண்ட இரண்டு சங்கிலிகள், மூன்று கந்தகப் பிணைப்புகளால் கட்டுண்டு, ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்தது. அந்த வடிவத்தைக் கண்டுபிடித்தவர் பிரிட்டிஷ் வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கின். முதல் எக்ஸ்ரே படம் எடுத்தது 1935இல், முழு வடிவம் கிடைத்தது 1969இல். மருந்துக் குப்பிக்குள் இன்சுலின் பெரும்பாலும் ஆறு ஆறாகச் சேர்ந்து, நடுவில் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஊசி போடும்போது ஒரு ஆஸ்பத்திரி வாசனை வருமே, அது ஃபீனால் வகைச் சேர்மங்களின் வாசனை. கிருமியைத் தடுக்கச் சேர்ப்பது. கூடவே அந்த ஆறையும் பிரியாமல் இறுக்கிப் பிடிக்கிறது. உடலுக்குள் போய் நீர்த்ததும் ஆறும் பிரிந்து ஒவ்வொன்றாக வேலைக்குப் போகும்.

பாடப்புத்தகப் படத்தில் இந்த மூலக்கூறு கோயில் சிலை மாதிரி அசையாமல் இருக்கும். நிஜத்தில் அது ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. கூட்டத்திலிருந்து ஒன்று கழன்று வரும், ஒரு நுனி திறந்து மூடும். அநேகமாகச் சேதமில்லாமல் திரும்பிவிடும். ஆனால் சூடு அதிகமாகி, குப்பியைக் குலுக்கி, காற்றுக்குமிழி வேறு சேர்ந்தால், திறந்த நுனி குமிழியின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே மறைந்திருந்த, தண்ணீரை வெறுக்கும் பகுதிகள் வெளியே தெரியும். அதேபோல் திறந்து கிடக்கும் இன்னொன்று வந்து ஒட்டும். பிறகு கயிறு திரிக்கிற கதைதான், நீளமான இழைகள்.

இதைச் சொல்லும்போதெல்லாம் கிண்டி வளாகம் ஞாபகம் வரும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். புரதத்தின் முதுகெலும்பு எந்தெந்தக் கோணங்களில் முறுக்கலாம், எங்கே அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்கும் என்பதன் வரைபடம். அதில் அனுமதிக்கப்பட்ட இடங்கள் தீவுகள் போலத் தெரியும். சுருள் வடிவம் ஒரு தீவு, விரிந்த தகடு வடிவம் வேறொரு தீவு. நல்ல இன்சுலினில் பெரும்பகுதி சுருள். இழையானதில் பெரும்பகுதி தகடு. அமினோ அமிலம் ஒன்றுகூட மாறவில்லை; தீவு மட்டும் மாறிவிட்டது, மருந்து மருந்தாக இல்லை.

புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சியும் இதுவே. இன்சுலினை பி.எச். 2 அமிலத்தில் கரைத்து, 65 டிகிரியில் இரவு முழுக்க வைக்கச் சொல்வேன். இழை உருவானால் பச்சையாக ஒளிரும் தயோஃப்ளேவின் டி என்ற சாயம் கொஞ்சம். முதலில் கருவியில் ஒளியின் அளவைக் காட்டும் கோடு தரையோடு தரையாக ஓடும். பையன்கள் "சார், ஒண்ணுமே நடக்கல" என்பார்கள். அப்புறம் விறுவிறுவென்று செங்குத்தாக ஏறும். ஏற்கெனவே உருவான இழையில் ஒரு துளியைப் புதுக் கரைசலில் விட்டால் காத்திருக்கவே வேண்டாம், உடனே தொடங்கிவிடும். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரியே. மிச்சமிருக்கும் பழைய இன்சுலினோடு புதியதைக் கலக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சரி, அண்ணாச்சியின் குப்பி சூட்டில் இல்லையே, குளிரில்தானே இருந்தது? எங்கள் லேபிலேயே புரதங்களை மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறோமே? உண்மைதான், ஆனால் கிளிசரால் போன்ற பாதுகாப்பு சேர்த்து, சின்னச் சின்ன டியூபில் பிரித்து, திரவ நைட்ரஜனில் நொடியில் உறைய வைக்கிறோம். வீட்டு ஃபிரிட்ஜில் அது மெதுவாக உறைகிறது. குச்சி ஐஸை உறிஞ்சினால் கலரும் இனிப்பும் வாய்க்கு வந்து, வெள்ளைக் கட்டி மிஞ்சும் இல்லையா? உறையும்போது தண்ணீர் தனியாகக் கட்டியாகி, மற்றதையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிடும். குறுகிய இடத்தில் நெருக்கப்பட்ட இன்சுலின், உப்பும் மற்றதும் திடீரென்று செறிவான சூழலில், ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். உருகியபின் பார்த்தால் பழையபடி தெளிவாகவே தெரியலாம். ஒருமுறை உறைந்தது தெரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஆர்.என்.ஏ.வின் கதை வேறு. அது வடிவம் கெடுவதோடு நிற்காது, துண்டு துண்டாக அறுந்தே போகும். நம் விரல்தோலில் இருக்கும் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியே போதும். கையுறை இல்லாமல் தொட்டு நான் பாழாக்கிய மாதிரிகள் ஏராளம். கொரோனா காலத்தில் ஃபைசரின் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு மைனஸ் 70 டிகிரி கேட்டார்கள் என்றால், அதன் பின்னணியில் இந்த அறுபடும் குணத்துக்கும் பங்குண்டு. "அந்த ஊசிய ஃப்ரீசர்ல வெச்சாங்களே" என்று அண்ணாச்சியும் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு மருந்துக்கு உகந்தது இன்னொன்றுக்கு விஷமாகலாம்.

பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், பின்சுவரை ஒட்டாமல், ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். பயன்பாட்டில் இருப்பதை 25 அல்லது 30 டிகிரிக்குள் வெளியிலேயே வைக்கலாம், பல வகைகளுக்கு 28 நாள் வரை. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் சரியாகப் போட்டிருப்பார்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரமணலில் வைத்த மண்பானை நல்ல ஏற்பாடு. வேலூர் வெயிலில் நன்றாகக் குளிரும். சென்னைப் புழுக்கத்தில் தண்ணீர் ஆவியாவதே கஷ்டம், அதிகம் நம்ப வேண்டாம். பால்போல் கலங்கலாகவே வரும் வகையைக் குலுக்காமல் உள்ளங்கையில் மெதுவாக உருட்டுங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கட்டி தட்டியிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அது கொழுப்புத் திரட்சி. சிலருக்கு இன்சுலின் இழைகளே அங்கே சேர்ந்து கிடப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

அண்ணாச்சியிடம் நான் அழுத்திச் சொன்னது வேறொன்று. கெட்ட மருந்துக்காகக் கூட்டிய அளவை நல்ல மருந்தில் அப்படியே போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். புதுக் குப்பியைத் திறக்குமுன் டாக்டரிடம் நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். அன்று மாலையே போனார். டாக்டர் அளவைக் குறைத்து, ஒரு வாரம் தினமும் பரிசோதிக்கச் சொல்லி அனுப்பினார்.

பழைய குப்பியை நான் லேபுக்கு எடுத்துப் போனேன். துகள்களின் அளவைச் சொல்லும் ஒளிச்சிதறல் கருவியில் நல்ல இன்சுலின் சுமார் 5 நானோமீட்டரில் ஒரு மேடாகக் காட்டும். இதில் அதோடு நூற்றுக்கணக்கான நானோமீட்டர் அளவில் இன்னொரு மேடும் தெரிந்தது. ஒரு குப்பியை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. அந்தப் படத்தை அச்சடித்துக் கொடுத்தேன். கல்லாவுக்கு மேலே லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து, இன்சுலின் போடும் வாடிக்கையாளர் யார் வந்தாலும் காட்டுகிறார்.